ஆரம்பப் பள்ளிக்கு நூலகர் வேண்டாமா?

ஆண்டுதோறும் ஆகஸ்டு 12-ந் தேதி தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. 1892-ம் வருஷத்தில் சீகாழியில் பிறந்து, கணித ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, 1924-ல் சென்னை சர்வகலாசாலையின் நூலகராகப் பொறுப்பேற்று, பின்னர் உலகமெங்கும் நூலகத் துறைக்கே ஆசானாகப் போற்றப்பெற்ற ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதனின் நினைவாக நடைபெறும் விழா அது. அன்றைய தினம் அவர் படத்துக்கு மாலை சூட்டுகிறோம். அவர் பெருமையைப் பேசுகிறோம். தமிழர் ஒருவர் உலகுக்கு வழிகாட்டினார் என்று நெஞ்சு நிமிர்கிறோம். இவையெல்லாம் செய்யத் தக்கவையே. ஆனால் விழா முடிந்த மறுநாட் காலையில் ஏதேனும் ஓர் ஊராட்சி ஒன்றிய ஆரம்பப் பள்ளிக்குள் நுழைந்து, "இங்கே நூலகர் யார்?" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? அப்படி ஒரு பதவியே கிடையாது என்பதுதான் பதில்.

புத்தகங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. தலைமை ஆசிரியர் அறையில் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. அதனுள்ளே பல வருஷங்களாகப் பல திட்டங்களின் பெயரால் வந்து சேர்ந்த கதைப் புத்தகங்களும் படப் புத்தகங்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை இருப்புப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. அதிகாரி வந்து கேட்டால் கணக்குச் சரியாக இருக்கும். புத்தகமும் பீரோவும் பதிவேடும் இருக்கின்றன. அடுத்த அறையில் குழந்தைகளும் இருக்கிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்து வைக்கும் ஆள் மாத்திரம் இல்லை. நல்ல ஆசிரியர் வாய்த்த சில பள்ளிகளில் இந்நிலை மாறியிருப்பதை நாம் அறிவோம். அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் ஒரு தேசத்தின் கல்வி, தனி மனிதர்களின் நல்ல குணத்தை நம்பி நடப்பதாக இருக்கலாகாது. ஏற்பாட்டினால் நடக்க வேண்டியதை அதிருஷ்டத்துக்கு விட்டுவிடுவது சர்க்காருக்கு அழகன்று.

நூல் வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டால் நூல் நிலையம் உண்டாகிவிட்டது என்று நம் ஆட்சியாளர்கள் நினைக்கிறார்கள். இது பெரிய தவறு. நூலகர் இல்லாத நூல் நிலையம் புத்தகக் கிடங்கேயாகும். இந்தத் தவறு பிற இடங்களில் நேர்வதைவிட ஆரம்பப் பள்ளியில் நேரும்போது அதனால் விளையும் நஷ்டம் மிக அதிகம். ஏனெனில், வளர்ந்தவன் தனக்கு வேண்டிய நூலைத் தானே தேடிக்கொள்வான். ஏழு வயதுக் குழந்தைக்குத் தனக்கு எது வேண்டும் என்பதே தெரியாது. அதை அறிந்து கொடுப்பதற்கு ஒருவர் வேண்டும்.

சட்டம் சொன்னதும் சொல்லாததும்

2009-ம் வருஷத்தில் நிறைவேறி 2010-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளிக்கூடம் எப்படி இருக்கவேண்டும் என்பதை அதன் அட்டவணை ஒன்று வரையறுக்கிறது. எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை ஆசிரியர்கள், எத்தகைய கட்டிடம், குடிநீர், கழிப்பிடம், விளையாட்டு மைதானம், சமையற்கூடம் என்று ஒவ்வொன்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் நூல் நிலையம் இருக்கவேண்டும். அதில் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட எல்லா விஷயங்களையும் பற்றிய நூல்களும் இருக்கவேண்டும் என்றும் அது விதிக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அதே அட்டவணையில் ஆட்களைப் பற்றிய பகுதியைப் படித்துப் பார்த்தால், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குச் சித்திரம், உடற்பயிற்சி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் போதகர்களைச் சொன்ன சட்டம், நூலகரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது தெரியவரும். நூல் நிலையம் கட்டாயம், நூலகர் அவசியமில்லை! கிணறு வெட்டச் சொல்லிவிட்டுக் கயிறும் வாளியும் தராமல் விட்ட கதையாக இது இருக்கிறது.

2018-ம் வருஷத்தில் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ், சர்க்கார் பள்ளிகளின் நூல் நிலையங்களுக்கு, பள்ளியின் தரத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை மானியம் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆரம்பப் பள்ளிக்கு உரியது 5,000 ரூபாய். சிறுவர் நூல் ஒன்று ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நூறு நூல்கள் வாங்கலாம். சிறு பள்ளிக்கு இது அற்பத் தொகை அல்ல. ஆனால் மானியம் என்பது இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் நிற்கும். 2024-25-ல் மத்திய சர்க்காருக்கும் தமிழ்நாட்டு சர்க்காருக்கும் நேர்ந்த பிணக்கினால் இத்திட்டத்தின் பணம் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மானியம் நின்ற வருஷத்திலும், பள்ளியில் ஒரு நூலகர் இருந்தால், உள்ள நூல்களைக் கொண்டே வேலை நடத்துவார். ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு மானியம் வந்தாலும் அது பீரோவைத்தான் நிரப்பும்.

இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேடவேண்டியதில்லை. 2006-ம் வருஷத்திலிருந்து ஐந்து வருஷ காலத்தில், அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்ற பெயரால் 12,000-க்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் நூல் நிலையங்கள் அமைக்கப்பட்டன. இந்தியாவில் வேறு எங்கும் எளிதில் காணமுடியாத பெருமுயற்சி அது. ஆனால் அவற்றை நடத்துவதற்கு முழுநேரத் தேர்ச்சி பெற்ற ஆட்களை நியமிக்காமல், சொற்ப மதிப்பூதியத்தில் வேலையை ஒப்படைத்ததன் பலன் என்ன? பல ஊர்களில் கட்டிடம் நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. கட்டிடத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிட்டு ஆளுக்குச் செலவிடத் தயங்கினால், முதலில் செய்த செலவும் வீணாகும் என்ற பாடத்தை நாம் நம் பணத்தைக் கொடுத்தே கற்றிருக்கிறோம்.

சோற்றுக்குச் செய்த ஏற்பாடு

பள்ளிக் குழந்தைக்குச் சோறிடும் விஷயத்தில் தமிழ்நாடு தேசத்துக்கே வழிகாட்டியது. 1956-ல் ஸ்ரீ காமராஜர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் விரிந்தது. 1982-ல் ஸ்ரீ எம். ஜி. இராமச்சந்திரன் காலத்தில் சத்துணவுத் திட்டமாகப் பெருகியது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. சத்துணவுத் திட்டம் நிலைத்து நின்றதற்குக் காரணம் என்ன? அரிசியையும் பருப்பையும் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, "உபாத்தியாயரே, பாடம் நடத்திய நேரம் போகச் சமைத்தும் போடும்" என்று சர்க்கார் சொல்லவில்லை. சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று ஆட்களை நியமித்தது. உணவு குழந்தையின் தட்டுக்கு வந்து சேருவதற்கு ஒரு பொறுப்பாளி வேண்டும் என்பதை அன்று உணர்ந்தார்கள். அதனால்தான் அரசியல் மாறியும் அடுப்பு அணையவில்லை.

வயிற்றுப் பசி விஷயத்தில் நமக்கு இருந்த அந்தத் தெளிவு, அறிவுப் பசி விஷயத்தில் ஏன் இல்லை? புத்தகத்தைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மற்றதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று போய்விடுகிறோம். அந்த ஆசிரியரின் நிலையையும் சற்றுப் பார்க்கவேண்டும். அறுபது குழந்தைகள் வரையுள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று சட்டம் சொல்லுகிறது. ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொண்டு நடத்தவேண்டும். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ சென்றால் ஐந்தும் மற்றவர் தலையில். இதற்கிடையே கணினிப் பதிவுகள், தேர்தல் வேலை, கணக்கெடுப்பு. இத்தனைக்கும் நடுவில் பீரோவைத் திறந்து நூல் வழங்கி, திரும்ப வாங்கி, கிழிந்ததை ஒட்டி, தொலைந்ததைத் தேட அவருக்கு நேரம் ஏது? தொலைந்தால் தம் பொறுப்பாகுமோ, தணிக்கையில் கேள்வி வருமோ என்ற அச்சம் வேறு. பூட்டி வைத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. திறந்து வைத்தால்தான் தொந்தரவு. இந்நிலையில் பூட்டுகிறவரைக் குறைகூறி என்ன பயன்?

நூலகர் செய்யும் வேலை

நூலகர் என்றால் பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு புத்தகம் தருகிறவர் என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே பரவியிருக்கிறது. ஆரம்பப் பள்ளி நூலகர் விஷயத்தில் இந்த எண்ணம் முற்றிலும் பிசகானது. நூல்கள் பூட்டி வைப்பதற்காக ஏற்பட்டவை அல்ல என்பதையும், வாசகனுக்கு ஏற்ற நூலையும் நூலுக்கு ஏற்ற வாசகனையும் சேர்த்து வைப்பதே நூலகரின் தொழில் என்பதையும் ஸ்ரீ ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற நூலில் விதிகளாகவே வகுத்தார். அந்த விதிகளை ஏழு வயதுக் குழந்தைக்குப் பொருத்திப் பார்த்தால்தான் இவ்வேலையின் அருமை விளங்கும்.

முதல் வகுப்புக்கு வரும் குழந்தைகளில் பலர், பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகத்தைத் தொட்டே அறியாதவர்கள். அவர்கள் வீட்டில் எழுத்தறிந்தவர் இல்லாமலிருக்கலாம். இருந்தாலும் கூலி வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவராக இருக்கலாம். அத்தகைய குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, படம் அதன் கண்ணுக்குத் தெரியும்படி நூலைப் பிடித்து, ஏற்ற இறக்கத்தோடு உரக்க வாசித்துக் காட்டுவது நூலகரின் முதல் வேலை. கதை எங்கே இருந்து வருகிறது என்பதை அப்பொழுது குழந்தை காண்கிறது. பாட்டியின் வாயிலிருந்து வந்த கதை இப்பொழுது காகிதத்திலிருந்து வருகிறது. அந்தக் காகிதத்தைத் திறக்கும் வித்தையைத் தானும் கற்றுக்கொள்ளலாம் என்ற ஆசை அப்பொழுது பிறக்கிறது. எழுத்துக் கற்பிப்பது ஆசிரியர் கடமை. எழுத்தின் மேல் ஆசை உண்டாக்குவது நூலகர் கடமை. ஆசை பிறந்த குழந்தைக்கு எழுத்துக் கற்பிப்பது எவ்வளவு சுலபம் என்பதை எந்த உபாத்தியாயரைக் கேட்டாலும் சொல்லுவார்.

இரண்டாவதாக, நூலகர் ஒவ்வொரு குழந்தையையும் அறிந்திருப்பார். மூன்றாம் வகுப்பிலிருந்தும் எழுத்துக் கூட்டியே படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் அவன் வகுப்புக்குரிய நூலைக் கொடுத்தால் வெட்கப்பட்டு மூடிவிடுவான். முதல் வகுப்பு நூலைக் கொடுத்தாலோ மற்றவர்கள் சிரிப்பார்கள். அவன் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள் என்பதை அறிந்த நூலகர், சொல் குறைவாகவும் படம் அதிகமாகவும் உள்ள, ஆடு மாடுகளைப் பற்றிய ஒரு நூலை எடுத்து, "இது உனக்குத் தெரிந்த விஷயம், சரியாக எழுதியிருக்கிறார்களா பார்த்துச் சொல்" என்று நீட்டுகிறார். பையன் அதைப் பரீட்சகனைப் போல வாங்கிச் செல்கிறான். பிடிக்காத நூலைப் பாதியில் திருப்பித் தரவும், பிடித்த நூலைப் பத்து முறை எடுக்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு. மதிப்பெண் போடும் கையிலிருந்து வரும் நூலில் பரீட்சையின் வாடை வீசும். மதிப்பெண் போடாத கையிலிருந்து வரும் நூலைத்தான் குழந்தை தன் நூலாக நினைக்கும்.

மூன்றாவதாக, தேடும் வித்தையைக் கற்பிப்பது. பொருளடக்கம் எதற்கு, அகராதியில் சொல்லை எப்படிப் பார்ப்பது, தேசப்படத்தில் தன் ஊர் எங்கே இருக்கிறது, ஒரே விஷயத்தை இரண்டு நூல்கள் இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது என்பவற்றை நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே பழக்கவேண்டும். செல்பேசியில் வரும் வதந்தியைக் கேட்டவுடன் நம்பிப் பரப்பும் ஜன சமூகத்தைப் பற்றி இன்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அச்சிட்டதையெல்லாம் அப்படியே நம்பாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் பத்து வயதில் படியாவிட்டால் முப்பது வயதில் எப்படி வரும்?

நான்காவதாக, நல்ல நூலைத் தெரிந்தெடுப்பது. தமிழில் குழந்தை இலக்கியம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது பழைய பல்லவி. குழந்தைக் கவிஞர் ஸ்ரீ அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் 1950-லேயே குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. 1957-ல் நிறுவப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் சிறுவர் நூல்களை மலிவாக வெளியிட்டு வந்திருக்கிறது. ஸ்ரீ பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியம் வெளியிட்டது. சமீப காலத்தில் சிறிய பதிப்பாளர்கள் பலர் அழகழகான படப் புத்தகங்களை வெளியிட்டு வருகிறார்கள். இவற்றில் எது எந்த வயதுக்கு ஏற்றது, எது வெறும் நீதி போதனை, எது குழந்தை தானாகவே கேட்டு வாங்கும் நூல் என்று பகுத்தறிவதற்குப் படிப்பும் அனுபவமும் வேண்டும். தலைநகரிலிருந்து மொத்தமாக வாங்கி அனுப்பும் முறையில் விற்காத சரக்கும் சேர்ந்து வந்துவிடுகிறது என்ற முறையீட்டுக்கும், தேர்ச்சி பெற்ற நூலகர்களின் தெரிவுக் குழுவே சரியான பரிகாரம்.

இவ்வளவுக்கும் மேலாக, கிழிந்த பக்கத்தை ஒட்டுவது, பழுதானதைக் கழிப்பது, பெற்றோரை அழைத்து வந்து காட்டுவது, ஊரிலுள்ள முதியவரைக் கூப்பிட்டுக் கதை சொல்லச் செய்து அதைக் குழந்தைகளைக் கொண்டே எழுதி ஒரு கையெழுத்துப் புத்தகமாகத் தைத்து வைப்பது என்று வேலை பெருகிக்கொண்டே போகும். இதை ஓய்வுநேரத்து வேலை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஜப்பான் தரும் பாடம்

யுத்தத்தில் தோற்று, நகரங்கள் சாம்பலான நிலையிலிருந்து எழுந்த ஜப்பான், 1953-ம் வருஷத்தில் பள்ளி நூல் நிலையச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆரம்பப் பள்ளி உட்பட ஒவ்வொரு பள்ளியிலும் நூல் நிலையம் இருக்கவேண்டும். அதற்கு நூலகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கவேண்டும் என்று அது விதித்தது. வறுமையிலும் புத்தகத்தை மறவாத அந்தத் தேசத்தை வியக்கிறோம். ஆனால் ஆட்கள் போதாமையால், தற்காலிகமாக நூலக ஆசிரியர் இல்லாமலும் இருக்கலாம் என்று சட்டத்தின் இறுதியில் ஒரு விலக்கையும் சேர்த்திருந்தார்கள். அந்தத் தற்காலிகம் எவ்வளவு காலம் நீடித்தது தெரியுமா? 1997-ல் சட்டத்தைத் திருத்தி, 2003-ம் வருஷம் முதல் பன்னிரண்டு வகுப்புகளும் அதற்கு மேலும் உள்ள பள்ளிகளில் நூலக ஆசிரியர் கட்டாயம் என்று ஆக்கும்வரை, அரை நூற்றாண்டு காலம் நீடித்தது! 2014-ல்தான், பள்ளி நூலகர் என்ற தனி ஊழியரைச் சட்டத்தில் குறிப்பிட்டு, அவரை நியமிக்க முயலவேண்டும் என்று எழுதினார்கள்.

ஆளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியில் ஒத்திப்போட்டால், இரண்டு தலைமுறைகள் அந்த ஒரு வரிக்குள்ளே வளர்ந்து முடிந்துவிடும் என்பதே ஜப்பான் தரும் பாடம். அங்கே ஒத்திவைக்கவாவது சட்டத்தில் ஒரு பதவி இருந்தது. நம் சட்டத்தில் ஒத்திவைப்பதற்குக்கூடப் பதவி இல்லை!

ஆட்சேபங்கள்

பணம் எங்கே என்பது முதல் ஆட்சேபம். இருபது முப்பது குழந்தைகள் உள்ள பள்ளிக்கெல்லாம் ஒரு முழுநேர நூலகர் கட்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பள்ளிக்கு ஒருவர் என்று நாம் கேட்கவில்லை. அருகருகே உள்ள ஐந்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒருவர் போதும். வாரத்தில் ஒரு நாள் ஒரு பள்ளி. பள்ளிகளைக் குறுவள மையங்களாகப் பிரிக்கும் ஏற்பாடு முன்னரே இருக்கிறது. ஆரம்ப வகுப்புகள் வருஷத்தில் 200 நாட்கள் நடைபெறவேண்டும் என்பது சட்டம். அதாவது 40 வாரங்கள். நூலகர் வரும் நாளில் குழந்தைக்கு ஒரு நூல் என்றால் வருஷத்துக்கு 40 நூல்கள். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் 200 நூல்கள். பாடப் புத்தகத்துக்கு அப்பால் இருநூறு நூல்களைத் தொட்டு, புரட்டி, பாதியோ முழுவதோ படித்த குழந்தை உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைவதற்கும், ஒன்றையும் தொடாத குழந்தை நுழைவதற்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்து பேருக்குப் பதிலாக ஒருவர் சம்பளத்தில் இது கிடைக்குமானால் இதைவிட மலிவான கல்விச் செலவு வேறென்ன இருக்கிறது?

ஆசிரியர்களுக்கே நான்கு நாட் பயிற்சி கொடுத்தால் போதாதா என்பது இரண்டாவது ஆட்சேபம். ஆசிரியரின் பாரத்தை மேலே சொன்னோம். தவிரவும், இது உயர்ந்த பள்ளிகளுக்கு யாரும் சொல்லாத யோசனை. மத்திய சர்க்கார் நடத்தும் கேந்திரிய வித்யாலயங்களில் நூலகர் பதவி உண்டு. 1952-53-ல் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷனும் தேர்ச்சி பெற்ற நூலகர் வேண்டும் என்றே உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சிபார்சு செய்தது. அதிகாரியின் குழந்தைக்கு நூலகர் வேண்டும், அறுவடைக் கூலியின் குழந்தைக்கு அலமாரி போதும் என்பது என்ன நீதி? வீட்டிலே நூல் உள்ள குழந்தைக்குப் பள்ளி நூலகர் இல்லாவிட்டாலும் ஓரளவு நடக்கும். வீட்டிலே நூல் இல்லாத குழந்தைக்கு அவர் ஒருவரே கதி.

எல்லாம் செல்பேசியில் வந்துவிட்டதே, இனி நூலகர் எதற்கு என்பது மூன்றாவது ஆட்சேபம். செல்பேசி குழந்தையை விடாமல் பிடித்து வைக்கத் தெரிந்த சாதனம்; குழந்தைக்கு எது நல்லது என்று அறிந்த சாதனமல்ல. பிரதம் என்ற ஸ்தாபனத்தின் ஆதரவில் கிராமப்புறங்களில் நடைபெறும் ஏசர் ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018-ல் நூற்றுக்கு 50 பேர். தொற்றுநோய்க் காலம் கழிந்து 2022-ல் 43 பேர். 2024-ல் 49 பேர். அந்த ஆறு வருஷங்களில் செல்பேசி கிராமந்தோறும் பெருகியது. வாசிப்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. பாதிக் குழந்தைகள் ஐந்து வருஷம் பள்ளிக்குச் சென்றும் ஒரு சிறு கதையைத் தாமாக வாசிக்க முடியாமல் இருக்கிறார்கள் என்பதைவிட இந்தத் தேசத்துக்கு வேறு என்ன எச்சரிக்கை வேண்டும்?

செய்யவேண்டியது

தமிழ்நாட்டு சர்க்கார் இவ்விஷயத்தில் சும்மா இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சிறு நூல்களை வெளியிட்டு வாசிப்பை ஊக்குவிக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. படிகளின் பெயர்களே அழகானவை. ஆனால் நடக்கத் தொடங்கும் குழந்தைக்கு ஒரு விரல் வேண்டும். எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து அடுத்த படிக்கு அழைத்துச் செல்ல ஒருவர் இல்லாவிட்டால், இந்த நூல்களும் காலக்கிரமத்தில் இரும்பு பீரோவுக்கே போய்ச் சேரும்.

ஆகவே நாம் சொல்லும் யோசனைகள் இவை. முதலாவது, ஐந்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒருவர் வீதம் நூலகர் பதவியைச் சர்க்கார் உத்தரவின் மூலம் நிரந்தரமாக ஏற்படுத்தவேண்டும். எல்லா ஜில்லாக்களிலும் உடனே இயலாதென்றால், பின்தங்கிய ஒன்றியங்களில் முதலில் தொடங்கலாம். நூலகத் துறையில் பட்டம் பெற்ற இளைஞர்களும் பெண்களும் வேலையின்றி இருக்கிறார்கள். குழந்தைகளோடு பழகும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்து அவர்களை நியமிக்கலாம். இரண்டாவது, ஊரிலுள்ள கிளை நூலகத்தையும் ஊர்ப்புற நூலகத்தையும் பள்ளியோடு இணைத்து, பள்ளிக்கூடத்துப் பீரோவில் தீர்ந்துபோன நூல்களை அங்கிருந்து மாற்றிக்கொள்ள வழி செய்யவேண்டும். சொத்து வரியோடு நூலக வரியையும் ஜனங்கள் செலுத்துகிறார்கள். அந்தப் பணத்தில் அவர்கள் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. மூன்றாவது, குழந்தைகள் கையாண்டு தேய்ந்த நூலையும், நியாயமான அளவில் தொலைந்த நூலையும் நஷ்டமாகக் கருதாமல் உபயோகமாகக் கருதி, பதிவேட்டிலிருந்து நீக்கத் தெளிவான விதி வேண்டும். கிழிந்த நூலைக் கண்டு அதிகாரி மகிழவேண்டும். பத்து வருஷமாகியும் புதிதாகவே இருக்கும் நூலைக் கண்டுதான் விளக்கம் கேட்கவேண்டும். நான்காவது, கல்விச் சட்டத்தின் அட்டவணையில் நூலகர் என்ற சொல்லைச் சேர்க்கும்படி நம் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் வற்புறுத்தவேண்டும்.

இந்தக் கோரிக்கை தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார்கள். வண்டியில் புத்தகத்தை மாத்திரம் ஏற்றி மாட்டை விரட்டிவிடவில்லை. கூடவே ஓர் ஆளும் சென்றார். 1942-ல் ஸ்ரீ ரங்கநாதன் பள்ளி, கல்லூரி நூல் நிலையங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1948-ல் ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூல் நிலையச் சட்டம் நம் சென்னை மாகாணத்தில்தான் நிறைவேறியது. குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்குத் தலைமை வகித்து நடத்தியவரும் அவரே. நூலும் வேண்டும், நூல் நிலையமும் வேண்டும் என்று அந்தத் தலைமுறை இரண்டையும் நமக்குத் தந்து சென்றது. இடையில் நிற்கவேண்டிய மனிதரை நியமிக்கும் வேலையைத்தான் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

சுதந்திரப் போராட்ட நாட்களில், கிராமத்துத் திண்ணையில் எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, எழுத்தறியாத இருபது பேர் சூழ்ந்திருந்து கேட்டார்கள். அந்த ஒருவரின் குரலால் அந்த ஊர் தேசத்தின் செய்தியை அறிந்தது. அவர்களுடைய பேரப் பிள்ளைகளும் கொள்ளுப் பேரப் பிள்ளைகளும் இன்று பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வாசித்துக் காட்ட ஒரு குரல் வேண்டும். சென்னையில் 2010-லும் மதுரையில் 2023-லும் பிரமாண்டமான நூல் நிலையங்களைத் திறந்த தமிழ்நாடு, அவற்றின் படியேறப்போகும் வாசகனை எங்கே தயார் செய்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வாசகன் ஓர் ஆரம்பப் பள்ளியின் சிமெண்டுத் தரையில், பூட்டிய பீரோவுக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். வருகிற வரவுசெலவுத் திட்டத்தில் அவனுக்கு ஒரு நூலகரைக் கொடுங்கள் என்பதே கல்வி மந்திரிக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம்.